கொடைக்கானல் ரோஸ் என்று விற்கப்படும் கோவில்பட்டிப் பூ

சென்ற மாதம் ஓர் இளம் தோட்டக்கலை அலுவலர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கரிசல் நிலத்தில் வைத்த ரோஜாச் செடி. இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. "சார், கையேட்டில் உள்ளபடியேதான் நட்டோம். ஏன் இப்படி?" என்று கேட்டிருந்தார். நான் பார்த்திருக்க மாட்டேன் என்ற நினைப்பில் கையேட்டையும் கூடவே அனுப்பியிருந்தார்.

அந்தக் கையேட்டை எனக்கு நன்றாகத் தெரியும். அதை எழுதியவன் என் கல்லூரி அறைத் தோழன் ஜெயபால். அட்டை மூன்று முறை மாறியிருக்கிறது. உள்ளே ஒரு வரிகூட மாறவில்லை.

இரண்டு வரியில் பதில் போட்டு முடித்திருக்கலாம். ஓய்வு பெற்றவனிடம் கேட்டால் இரண்டு வரியில் பதில் வராது. நம் துறை அலுவலர் சங்க மலருக்கு அனுபவக் கட்டுரை கேட்டு நச்சரித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கல்லூரியில் நானும் ஜெயபாலும் ஒரே அறை. நான் பசுவந்தனைப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன். அவன் சாத்தான்குளத்துத் தேரிக்காரன், செம்மணல் மேட்டில் வளர்ந்தவன். நான் வகுப்பில் முதல். அவன் எனக்கு முன்னால் வந்த ஒரே இடம் சாப்பாட்டு வரிசை. பட்டம் வாங்கி வேலைக்கு வந்ததும் அவனைக் கொடைக்கானல் மலைக்கு அனுப்பினார்கள், என்னைக் கோவில்பட்டிக்கு. காரணம் கேட்டேன். "நீங்க அந்த மண்ணுக்காரர். உங்களுக்குப் பழக்கம் இருக்கும்" என்றார்கள். ஒருவன் பிறந்த இடமே அவனுக்குத் தண்டனையாகிற துறை நம்முடையது. வெளியூர்க்காரனாகப் பிறந்திருந்தால் நானும் கம்பளிச் சட்டை போட்டிருப்பேன்.

இருபது ஆண்டுகள் நான் மிளகாய், கொத்தமல்லி, முருங்கை, எலுமிச்சை என்று புதூர் வெயிலில் அலைந்தேன். அவன் மலையில் ரோஜா வளர்த்தான். வளர்த்தான் என்று சொல்வதே மிகை. அங்கே ஒடித்த குச்சியை மறந்து வைத்துவிட்டுப் போனாலும் மறுவாரம் தளிர்விடும். புளிப்புத் தன்மையுள்ள மண், காலையில் பனிமூட்டம், மாலையில் சாரல். அதில் செடியைக் கொல்லத்தான் திறமை வேண்டும்.

ஒரு மே மாதம் மனைவி கோமதியோடு அவன் குடியிருப்புக்குப் போனேன். வாசலில் ஒரு ரோஜா. வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாவிலிருந்து வழிவழியாக வந்த பழைய ரகம். இப்போது கடையில் விற்கிற ரோஜா மாதிரி நீண்ட காம்பில் விறைத்து நிற்காது. தலை கனத்துக் கவிழ்ந்திருக்கும். முட்டைக்கோஸை நடுவில் பிளந்ததுபோல் இதழ் மேல் இதழ். வாசனையோ, நமது பன்னீர் ரோஜாவின் வாசனையோடு எலுமிச்சைத் தோலையும் கொஞ்சம் கிராம்பையும் சேர்த்ததுபோல். கோமதி அதன் முன் குனிந்தவள் நிமிரவில்லை.

"எண்ணே, இது என்ன பூவு? இப்பிடி மணக்கு?"

"பங்களா ரோஸ்மா. எனக்காகப் பூக்குது" என்றான்.

திரும்பும்போது பஸ் வத்தலக்குண்டைத் தாண்டியது. அப்போது சொன்னாள்: "நீங்களும் அந்தப் படிப்புத்தானே படிச்சீங்க."

அந்தக் கேள்விக்கு நான் சொல்லாத பதில்கள் நிறைய உண்டு. கார நிலை, சுண்ணாம்பு, மழையளவு, கடல்மட்டத்திலிருந்து உயரம். மறு வாரமே அவள் விரும்பிய அந்தப் பூவை எங்கள் வீட்டு வாசலில் பூக்க வைப்பதென்று முடிவு செய்தேன். அவனிடம் குச்சி கேட்கத்தான் வாய் வரவில்லை.

குச்சி வேறு வழியில் வந்தது. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆலை வைத்திருந்த பரமசிவம் அண்ணாச்சி குடும்பத்தோடு மலைக்குப் போனார். ஜெயபால் வீட்டு வாசலில் அதே பூவைப் பார்த்தார். மகளுக்கு அடுத்த தைக்கு அடுத்த தையில் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார். கல்யாண மாலை தன் தோட்டத்து ரோஜாவில்தான் என்று அங்கேயே நின்று முடிவு செய்துவிட்டார். ஜெயபால் ஒரு லாரி நிறையச் செடி ஏற்றிவிட்டான், கையேட்டையும் கொடுத்துவிட்டான்.

கையேடு சொல்வது இது: முழங்கையளவு நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டி, செம்மண், மணல், தொழு உரம் சம அளவு கலந்து நிரப்பி, செடியை நடுக. கையேடு சொல்லாதது: எந்த ஊரில் என்பது.

அண்ணாச்சிக்கு இந்த யோசனை தேனாக இருந்தது. கோவில்பட்டியில் புதுவீடு கட்டுகிற எவரும் முதலில் செய்வது ஒரு லோடு செம்மண் அடிப்பது. கரிசலில் பருத்தியும் மிளகாயும் வரும், பூச்செடி வராது என்பது எங்கள் ஊரின் குலதெய்வ நம்பிக்கைகளில் ஒன்று. அண்ணாச்சி பல லோடு அடித்தார். ஆலை முகப்பு முழுவதும் கறுப்பு நிலத்தில் சிவப்புக் கட்டம் போட்டதுபோல் குழிகள். பார்க்க அழகாகவே இருந்தது.

புரட்டாசியில் என்னைக் கூப்பிட்டார். இளந்தளிர்கள் மஞ்சளடித்திருந்தன. "சாரே, மஞ்சக்காமாலை மாதிரி இருக்கு. பாருங்க" என்றார்.

பாசன நீர் கிணற்று உப்புநீர். குழியின் ஓரத்துக் கரிசலைச் சுரண்டி எடுத்து அதன்மேல் அமிலம் சில சொட்டு விட்டேன். சோடா உடைத்ததுபோல் நுரைத்தது. மண் முழுக்கச் சுக்கான் கல்லின் சுண்ணாம்பு. இரும்புச் சத்து மண்ணில் இருக்கிறது, செடியால் எடுக்க முடியவில்லை. இரும்புச் சத்துள்ள அன்னபேதி உப்பைத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் எலுமிச்சை உப்பும் சேர்த்து, வெயில் இறங்கியபின் இலைமேல் தெளிக்கச் சொன்னேன். பத்துப் பதினைந்து நாளில் பச்சை திரும்பியது.

எங்கள் துணை இயக்குநர் பார்வையிட வந்தார். அவரைப்பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வெள்ளைச் சட்டை, கைத்தடிபோல் நீண்ட குடை. மழைக்கும் வெயிலுக்கும் அதை விரித்து நான் பார்த்ததில்லை. செடியை விரலால் தொட மாட்டார். குடையின் நுனியால் இலையைப் புரட்டுவார், அடுத்த செடிக்கு நகர்வார். நாம் விளக்கத் தொடங்கினால் கண்ணை மூடிக்கொள்வார். கேட்கிறாரா, தூங்குகிறாரா என்பது பதவி உயர்வு வரும்போதுதான் தெரியும். பாராட்டில் அவருக்கு மூன்றே படிகள்: மோசம், மோசமில்ல, பிரமாதம். சமவெளியில் வேலை செய்த எவரும் மூன்றாவது படியை மிதித்ததில்லை. அது மலைக்கு ஒதுக்கப்பட்டது.

குடை நுனியால் ஒரு பச்சை இலையைப் புரட்டினார்.

"மோசமில்ல. ஜெயபாலைக் கேட்டீங்களா?"

"இல்ல சார். இது சுண்ணாம்பு மண்ணுல வாரது. மலையில வராது."

"கேளுங்க. ரோஜான்னா ஜெயபால்."

மேலதிகாரி உத்தரவு. கேட்டேன். போனில் அவன் குரலிலேயே குளிர் அடித்தது.

"ஏலே, ரோஜா பொம்பளப் பிள்ள மாதிரிலே. அன்பா தண்ணி ஊத்து. தானா வரும்."

"என்ன தண்ணி? உப்புத் தண்ணியா?"

"எந்தத் தண்ணியா இருந்தா என்ன, அன்பு வேணும்லே."

ஐப்பசியில் மழை பிடித்தது. எங்கள் பக்கம் மழை பெய்தால் ஊரே கொண்டாடும். நான் மட்டும் அண்ணாச்சியின் ஆலைப் பக்கம் போகப் பயந்தேன். கார்த்திகை தொடக்கத்தில் கூப்பிட்டுவிட்டார். மழை நனைத்த நிலத்தில் நின்று செடிகள் வாடியிருந்தன. தண்ணீருக்குள் நின்றுகொண்டு தாகத்தால் சாவதுபோல் இலைகள் தொங்கின.

"வாடுதேன்னு நேத்தும் ஒரு குடம் ஊத்தச் சொன்னேன்" என்றார் அண்ணாச்சி. "அன்பா ஊத்தணும்னு ஜெயபால் சார் சொன்னாவளாம்லா?"

அன்பு மலையிலிருந்து இறங்கி வந்து சேர்ந்துவிட்டது என்று தெரிந்தது.

மண்வெட்டி வாங்கி ஒரு குழியின் ஓரத்தை வெட்டினேன். வெட்டு ஆழம் போகப்போகப் பக்கவாட்டில் தண்ணீர் கசிந்து, பிறகு கொட்டியது. குழிக்குள் செம்மண் சாந்துபோல் மிதந்தது. வேரை இழுத்தேன். கறுத்து, தோல் உரிந்து, சாக்கடை நாற்றத்தோடு கையோடு வந்தது.

இளையவர்கள் இந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை படிக்க வேண்டும். கரிசலில் குழி வெட்டிச் செம்மண் நிரப்புவது நிலத்துக்குள் ஒரு தொட்டியைப் புதைப்பது. செம்மண் மழைநீரைச் சட்டென்று உள்ளே விடும். சுற்றியுள்ள கரிசல் களி அதை வெளியே விடாது. அக்கம்பக்கத்து ஈரமும் அந்தத் தொட்டிக்கே வந்து சேரும். வேர் மூச்சுமுட்டிச் சாகும். கோடையில் நேர்மாறு: கரிசல் சுருங்கி விலகும், செம்மண் உருண்டை தனியே நிற்கும், நடுவில் வெடிப்பு வேரை அறுக்கும். மழையில் முழுகும், வெயிலில் அறுபடும். மலையிலும் தேரியிலும் இந்தத் தொல்லை இல்லை. அங்கே பிறந்தவனுக்கு, அங்கே வேலை பார்த்தவனுக்கு, இது தோன்றவும் தோன்றாது.

உண்மையைச் சொன்னால், அந்த நாறிய வேரைக் கையில் பிடித்தபோது எனக்கு மகிழ்ச்சி. இருபது ஆண்டில் முதல்முறையாக ஜெயபால் தப்பு, நான் சரி, ஆதாரம் என் கையில் நாறுகிறது.

"அண்ணாச்சி, இது ஜெயபால் சாருடைய கையேட்டுத் தப்பு" என்றேன்.

"மண்ணு சரியில்லன்னு சொல்லுங்க. அவிய ராசிக்கார ஆளு" என்றார் அண்ணாச்சி.

துணை இயக்குநருக்குக் குறிப்பு எழுதினேன். கையேட்டில் கரிசலுக்குத் தனிப் பத்தி வேண்டும் என்று முறைப்படி கேட்டேன். கூப்பிட்டு அனுப்பினார். குடை மேசைமேல் படுத்திருந்தது.

"சரிதான். ஆனா அவரு மனசு கஷ்டப்படும். பாத்துக்கலாம்."

பார்த்துக்கொண்டே சில ஆண்டுகள் கழித்து அவர் ஓய்வு பெற்றார். கையேடு புது அட்டையில் வந்தது.

இரண்டாவது கோளாறையும் நான்தான் கண்டேன். மலையில் இந்த ரோஜாவைத் தனி வேரில் வளர்ப்பதில்லை. வேலியோரம் கொத்துக்கொத்தாய் வெள்ளைப் பூ பூக்கிற காட்டு ரோஜாவில் ஒட்டுக்கட்டுவார்கள். அந்தக் காட்டு ரோஜாவின் வேருக்குப் புளிப்பு மண் சொர்க்கம், சுண்ணாம்பு மண் நரகம். மேடு போட்டுத் தண்ணீரை வடித்தாலும் அது இங்கே மஞ்சளடித்துக்கொண்டேதான் இருக்கும். பூ மலையுடையதாக இருக்கலாம், வேர் நம்முடையதாக இருக்க வேண்டும். நம்மிடம் பன்னீர் ரோஜா இருக்கிறது. சுண்ணாம்பு, உப்பு, வெயில், கவனிப்பின்மை எல்லாவற்றையும் தாங்கும். அரசு ஊழியர் மாதிரி.

அண்ணாச்சிக்குக் கல்யாணம் வைத்த தைக்குள் பூ வேண்டும். எனக்கும் வேண்டும், காரணம் வேறு. முழங்கால் உயரத்துக்குப் பாத்தி மேடு போட்டோம். அடியில் நறுக்கிய பருத்திமார்க் குச்சி, மேலே அந்த இடத்துக் கரிசலே, அதில் ஜிப்சம். புதூரிலிருந்து வந்த ஆட்டுமந்தையைச் சில நாள் அந்த நிலத்தில் எருவுக்காகக் கிடை போட வைத்தோம். ஒரு கூடை செம்மண்கூட இல்லை. அண்ணாச்சிக்கு அது பெரிய மனக்குறை.

"ஒரே ஒரு லோடு மட்டும் மேல தூவிக்கிடுவோமே, சார்?"

"தூவுனா நான் வாரதில்ல."

பசுவந்தனைத் தோட்டமொன்றிலிருந்து பன்னீர் ரோஜாக் குச்சிகள் கொண்டுவந்து வேர்பிடிக்க வைத்தேன். பென்சில் கனம் வந்ததும் ஒட்டு. மலைச் செடிகளில் உயிரோடு மிஞ்சியவை ஏழெட்டு. அவற்றின் இலைக்கணுவிலிருந்து தளிர்மொட்டு எடுக்க வேண்டும். அந்தக் குச்சிகள் தீர்ந்துவிட்டால் ஜெயபாலிடம் கேட்க வேண்டியிருக்கும். அந்த நினைப்பே என் கையை நடுங்காமல் வைத்தது.

வேர்ச்செடியின் பட்டையில் ஆங்கில டி எழுத்துபோல் கீறி, கத்தியின் பின்புறத்தால் பட்டையை மெல்ல நெகிழ்த்த வேண்டும். மொட்டைப் பட்டையோடு கேடயம்போல் சீவி எடுத்து, உள்பக்கம் ஒட்டியிருக்கும் மரச்சிம்பை உரித்துவிட்டு, கீறலுக்குள் செருகி, மொட்டின் கண் வெளியே தெரியும்படி பாலிதீன் நாடாவால் கட்ட வேண்டும். இலைக்காம்பில் கொஞ்சத்தை விட்டு வைக்க வேண்டும். அதுதான் பின்னால் நாடி பார்க்க. இரண்டு மூன்று வாரம் கழித்து அந்தக் காம்பை விரலால் தொட்டால் சட்டென உதிர வேண்டும். உதிர்ந்தால் ஒட்டு பிடித்தது. சுருங்கிக் காய்ந்து உதிராமல் பிடித்துக்கொண்டிருந்தால் செத்துவிட்டது. உயிருள்ளது விட்டுக்கொடுக்கும், செத்ததுதான் பிடித்துக்கொண்டிருக்கும். இதை ஒரு தத்துவமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் இத்தனை ஆண்டாக எதையும் விட்டுக்கொடுக்காமல் நன்றாகவே இருக்கிறேன்.

முக்கால்வாசி காம்பு உதிர்ந்தது.

பூக்க வைப்பது அடுத்த சிக்கல். மலையில் குளிர் செடியைத் தூங்கவைத்து எழுப்பும். கோவில்பட்டியில் குளிருக்கு எங்கே போவது? அடுத்த ஆவணியில் தண்ணீரை நிறுத்தினேன். நிலம் வெடித்தது. இலைகளை உதிர்த்துச் செடி ஓய்ந்தது. குளிர் செய்கிற வேலையைத் தாகம் செய்தது. ஐப்பசி மழை மேட்டிலிருந்து வழிந்து ஓடியது. மழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசியில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து உரம் வைத்தேன். தை பிறந்தபோது மேடு முழுக்க மொட்டு.

பூ மலையில் இருந்ததைவிடச் சிறியது. வாசனை கூடுதல். வறண்ட காற்றில், விடிகாலையில், அது அடர்த்தியாக நிற்கும். வெயில் ஏறினால் போய்விடும். மலையில் நாளெல்லாம் மென்மையாக மணப்பது இங்கே சிறிது நேரம் ஓங்கி மணக்கும். முதல் பூக்களை அண்ணாச்சி என் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். கோமதி முகர்ந்தாள். கண்ணை மூடினாள். நான் காத்திருந்தேன்.

"ஏங்க, இது ஜெயபால் அண்ணன் வீட்டுப் பூல்லா" என்றாள்.

கல்யாணத்தில் மாலை அந்த ரோஜாவில்தான். மண்டபம் முழுக்க வாசனை. உறவுக்காரர்கள் பூவைப்பற்றிக் கேட்கக் கேட்க அண்ணாச்சியின் மீசை உயர்ந்துகொண்டே போனது. கடைசியில் மைக்கை வாங்கினார். "இந்தப் பூ நமக்குக் கொடைக்கானல் ஜெயபால் சார் குடுத்த கொடை" என்றார். ஜெயபாலை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். கம்பளிச் சட்டையைக் கழற்றிப் பழக்கமில்லாத என் தோழன் வியர்வையில் நனைந்துகொண்டு கும்பிட்டான். மூன்றாவது வரிசையில் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் துணை இயக்குநர், முழங்காலுக்கிடையில் குடை.

"பிரமாதம்" என்றார்.

அட்சதையை மணமக்கள்மேல்தான் போட்டேன். குறி வேறு பக்கம் போகப் பார்த்தது.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு பூ பரவியது. என்னிடம் ஒட்டுக்கட்டக் கற்ற பசுவந்தனை விவசாயிகள் சிலர் மேட்டுப்பாத்தியில் அதை வைத்தார்கள். இப்போது தை, மாசியில் கோவில்பட்டிப் பூக்கடைகளில் கிடைக்கும். பூ எங்கே பறித்தது என்று பூக்கடையில் யாரும் கேட்பதில்லை. முதலில் எங்கிருந்து வந்ததாகச் சொன்னார்களோ அதுதான் பேர்.

ஒரு நாள் கடையில் நின்று கேட்டேன். "இது என்ன பூம்மா?"

"கொடைக்கானல் ரோஸ்ண்ணாச்சி. மலையில இருந்து வருது."

"எந்த மலை?"

பூக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாங்குனா வாங்குங்க. வாசம் பிடிச்சிட்டு மலையெல்லாம் கேக்காதீங்க."

வாங்கினேன். என் பூவை நானே விலைகொடுத்து, அவன் பேரில்.

இந்த ஆனி மாதம் ஜெயபால் கோவில்பட்டிக்கே குடிவந்துவிட்டான். மகள் எட்டயபுரம் சாலைப் பக்கம் வீடு கட்டியிருக்கிறாள். சுற்றிலும் சுத்தக் கரிசல். மலைக் குளிர் மூட்டுவலிக்கு ஆகவில்லையாம். முதல் வாரமே என் வீட்டுக்கு வந்தான். வாசலில் மேட்டின்மேல் நிற்கிற செடியைப் பார்த்தான். பருவம் தப்பிய ஒற்றைப் பூ ஒன்று இருந்தது. குனிந்தான். நிமிர நேரமானது.

"ஏலே, இது என் பூ இல்லலே" என்றான்.

"ஏன்?"

"என் பூவுல இவ்வளவு வாசம் கெடையாது. எங்கன இருந்து வந்தாலும் சரி, இது ஒன் பூ. நீ ஆக்குனது."

உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை காலம் காத்திருந்த வார்த்தை, தேங்காய்ச் சட்னிச் சத்தத்தில் கரைந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லு" என்றேன்.

மிக்ஸி நின்றது. கோமதி தட்டில் காப்பியோடு வந்தாள்.

"வாங்கண்ணே. ஒங்க பூவைப் பாத்தீங்களா? எப்பிடி இருக்கு?"

நான் ஜெயபாலின் வாயைப் பார்த்தேன். அவன் காப்பியை வாங்கி ஒரு மிடறு குடித்தான்.

"நல்லா இருக்கும்மா. எங்க வச்சாலும் வரும் அது" என்றான்.

புறப்படும்போது ஒரு செடி கேட்டான், மகள் வீட்டு வாசலுக்கு. பன்னீர் ரோஜா வேரில் கட்டிய நல்ல செடியாகவே எடுத்துக் கொடுத்தேன். எதிலும் குறை சொல்ல முடியாது.

"எப்படிலே வைக்கணும்?"

"நீ எழுதின கையேடு இருக்குல்லா. அதுல போட்டிருக்கபடியே வை."

அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மறுநாள் அந்த வழியாகப் போனபோது மகள் வீட்டு வாசலில் ஒரு லோடு செம்மண் இறங்கியிருந்தது.

படம் அனுப்பிய இளம் அலுவலருக்கு: குழியை மூடுங்கள், மேடு போடுங்கள், வேர்ச்செடியை மாற்றுங்கள். மற்றவர்களும் இதைத் தாராளமாகப் பகிர்ந்துகொள்ளலாம். ஜெயபாலுக்கு மட்டும் யாரும் அனுப்ப வேண்டாம். ஐப்பசி மழை முடியட்டும். செடி வாடும், அன்பாகத் தண்ணீர் ஊற்றுவான், பிறகு என்னைக் கூப்பிடுவான். அவனுக்காக ஒட்டுக்கட்டிய இன்னொரு செடி மாடியில் தொட்டியில் தயாராக இருக்கிறது. வந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான். கோமதி கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, மிக்ஸி ஓடாத நேரமாகப் பார்த்து.